ஜன்னலுக்குக் கீழே விராலி

பிப்ரவரி 3

இல்லை, இந்தச் செடிகளை மறைப்புக்காக மட்டும் நடவில்லை. மறைப்பு மட்டும் போதுமென்றால் ஒரு தார்ப்பாய் கட்டியிருக்கலாம். ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும்.

அம்மாவின் அறை தெருப்பக்கம். தையல் மெஷின் ஜன்னலை ஒட்டி. ஜன்னலுக்கு நேர் எதிரே, நடுவில் தெரு மட்டும், கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை. அவர்கள் வேலையை ஆரம்பித்ததும் தின்னர் நெடி வந்துவிடும். போன வருடம் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் அம்மா அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே ஏதாவது பச்சையாக, வாசனையாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள். சும்மா சொன்னாள். நான் அதை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

பூச்செடி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். இலை உதிர்க்கிற எதுவும் வேண்டாம். அவள் கண்ணெதிரே ஒரு பருவம் முழுக்க எதுவும் செத்தது போல நிற்கக் கூடாது. ஊருக்கு வெளியே கல்லுக்குன்றில், யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்கிறவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். விராலி, நொச்சி, குருந்து. மூன்றும் எப்போதும் பச்சை. மூன்றுக்கும் இலையிலேயே வாசனை. விராலி விதையை வெந்நீரில் ஊறவைத்துத்தான் முளைக்கவைத்தேன்; சூடு பட்டால்தான் அதன் ஓடு இளகும். நொச்சி, குச்சியை ஒடித்து ஊன்றியதுமே பிடித்துக்கொண்டது. குருந்து மட்டும் நர்சரிக்காரர் கொடுத்த வளர்ந்த கன்று. எலுமிச்சையின் வாசனை, எலுமிச்சையின் முள்.

எரு போடவில்லை. சத்தில்லாத மண்ணில் கஷ்டப்பட்டு வளர்ந்த இலையில்தான் எண்ணெய் அதிகம் என்று படித்திருக்கிறேன்.

இப்போது ஜன்னல் கட்டை உயரத்துக்கு வந்துவிட்டது.

அண்ணி பார்த்துவிட்டு, "பூ இல்ல, காய் இல்ல, கிட்டப் போனா முள்ளு. உனக்கேத்த செடியாத்தான் பார்த்து வச்சிருக்கே" என்றாள். அம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நானும்.

பிப்ரவரி 11

கத்தரித்தேன். விராலியை இலை இருக்கிற இளந்தண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இலையில்லாத முதிர்ந்த கட்டைவரை இறங்கிவிட்டால், திரும்பத் துளிர்க்கும் என்று நம்ப முடியாது. விரலெல்லாம் பிசின்.

அம்மா ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஒரு கொத்து வாங்கி, தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சட்டையின் பையில் போட்டாள். எந்தப் பிள்ளைக்குப் போகிறதோ, வகுப்பில் தூங்காது என்றாள்.

பிப்ரவரி 17

என் வேலை, ஆவணப்படங்களில் பேசுகிறவர்களின் பேச்சைத் திரையின் அடியில் இரண்டு வரியாகச் சுருக்குவது. எவ்வளவு நேரம் பேசினாலும் இரண்டு வரி. பழக்கதோஷத்தில் இன்று செக்கப்பில் டாக்டர் பேசியதையும் அப்படியே சுருக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்ப வந்துவிட்டது.
இந்த முறை கல்லீரலிலும்.

அண்ணன்தான் எல்லாக் கேள்வியும் கேட்டான். எத்தனை முறை, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, எந்த மருந்து, அதைவிட நல்ல மருந்து இருக்கிறதா. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும், இந்த வருடச் சீருடைக்குத் துணி வெட்டி வைத்திருக்கிறேன், அதைத் தைத்து முடிக்கலாமா என்று கேட்டாள். டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. முடிக்கலாம் என்றார்.

பிப்ரவரி 18

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். தேவையே இல்லை. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிப்ரவரி 24

முதல் முறை மருந்து ஏறியது. நீளமான ஹாலில் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கம்பி, கம்பியில் பை. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோரும் சொட்டுவதைப் பார்க்கிறார்கள்.

அம்மா நர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரும்மா தைச்சது? தோள்ல இழுக்குது பாரு. கழட்டிக் கொடு, பிரிச்சுத் தைச்சுத் தர்றேன்."

"இப்போ கழட்டினா என் வேலை போயிடும்மா."

பக்கத்து நாற்காலிக்காரர்கூடச் சிரித்தார். அதன்பின் மறுபடி எல்லோரும் சொட்டுவதைப் பார்த்தோம்.

மார்ச் 1

அம்மாவின் ஜன்னல் மூடியிருக்கிறது. பகலிலும். கேட்டால், பட்டறைத் தூசி என்கிறாள்.

தெருவைத் தாண்டிப் போய்ச் சண்டை போட்டேன். நானா அது? பட்டறைக்காரர் ஆறடி ஆள். புருவத்திலும் வெள்ளிப் பெயின்ட். நான் பேசி முடிக்கும்வரை துப்பாக்கி மாதிரி அந்த ஸ்ப்ரேயைக் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு உடம்பு முடியாததை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டினார். மதியத்துக்குள் பெயின்ட் அடிப்பதைப் பின்கட்டுக்கு மாற்றி, முன்பக்கம் ஒரு தார்ப்பாயும் கட்டிவிட்டார்.

மார்ச் 4

நெடி சுத்தமாக இல்லை. ஜன்னல் திறக்கவில்லை. இப்போது காரணம் காற்று. குளிர்கிறதாம்.

மார்ச் 9

இடைவெளி அதிகமாக இருப்பதால்தான் காற்று நேராக அடிக்கிறது. இன்னும் இரண்டு நொச்சியை நெருக்கமாக நட்டேன். அடர்ந்துவிட்டால் காற்றைத் தடுக்கும். சாயங்காலங்களில் இலைமேலேயே தண்ணீரைத் தெளித்துவிடுகிறேன், தூசி படியாமலிருக்க. தெளித்ததும் எழும் வாசனை வாசல்வரை வருகிறது. ஜன்னல் மூடியிருந்தாலும் இடுக்கு வழியாக உள்ளே போகும் என்று நினைத்துக்கொள்கிறேன். அவளுக்கு அதுவாவது.

தம்ளரில் ஒரு கொத்து வைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்கு."

கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டாள். எதற்கும் இப்படி உடனே பதில் சொல்கிறவள் இல்லை. ஒரு பட்டனின் நிறத்துக்கே அரைநாள் யோசிப்பாள்.

மார்ச் 17

இரண்டாம் முறை. காரில் வரும்போது, ஆஸ்பத்திரி வாசனை தலைமுடியில், துணியில், எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

அதனால் புதிதாக ஒரு பழக்கம். அவள் அறைக்குள் போகும் முன் நொச்சி இலையைக் கசக்கி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு போகிறேன். என் மேலாவது ஆஸ்பத்திரி வாசனை வரக் கூடாது. சூப் கொடுக்கும்போது, தலையணையைத் தூக்கிவிடும்போது.

சூப் இறங்கவில்லை.

மார்ச் 21

தலையணை உறைக்குள் விராலி இலையைக் காயவைத்துத் தூவியிருந்தேன். இன்று பார்த்தால் உறை கொடியில் காய்கிறது. இலை எல்லாம் குப்பையில். ஏன் எடுத்தீர்கள் என்று அண்ணியிடம் கேட்டேன். துவைக்க வேண்டியிருந்தது என்றாள். துவைத்தால் இலையைத் திரும்பப் போட முடியாதா என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த வீட்டில் நான் செய்கிற எதையும் இவளுக்குப் பார்க்கப் பொறுக்காது. எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

மார்ச் 27

இந்த வாரப் படம் பனிக்கரடிகளைப் பற்றியது. பெண்கரடி மாதக்கணக்கில் எதுவும் தின்னாது. குட்டிகளோடு குழிக்குள் கிடக்கும். இரண்டு வரிக்குள் அடக்க முடியவில்லை. எழுந்து போய் அம்மாவைப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, கிட்டப் போய்ப் போர்வையை இழுத்துவிட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். வலியாக இருக்கும்.

ஏப்ரல் 2

அண்ணி சொல்லிவிட்டாள்.

குருந்துக் கொத்தை எடுத்துக்கொண்டு அம்மா அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் குறுக்கே வந்து நின்றாள்.

"அதை எடுத்துட்டு உள்ள போகாதே."

"ஏன்?"

"போகாதேன்னா போகாதே."

நான் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தேன். கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்களுக்கு அந்த வாசனை ஆகவே மாட்டேங்குது. முதல் மருந்து ஏறினதிலிருந்தே. நீ தம்ளர்ல வச்சிட்டு அந்தப் பக்கம் போனதும் நான் போய் எடுத்துக் கொட்டுறேன். நீ தலையணைக்குள்ள வச்ச அன்னைக்கு வாந்தி நிக்கவே இல்ல. உன்கிட்ட சொன்னா என் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிட்டாங்க. இப்போ சொல்லிட்டேன். சண்டை போடணும்னா போடு."

போடவில்லை. ஜன்னல், என்று மட்டும் கேட்டேன்.

"வேற எதுக்கு மூடி வச்சிருக்காங்கன்னு நினைச்சே? நீ சாயங்காலம் தண்ணி தெளிப்பே பாரு, அப்போ முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாங்க. 'முடிச்சிட்டாளா பாரு'ன்னு என்னைக் கேப்பாங்க."

கொத்து என் கையில்தான் இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. அண்ணி வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 3

பட்டறைக்காரர் பாவம்.

போன வருடம் கேட்டது அவள்தான். நட்டது நான்தான். நடுவில் மருந்து வந்து அவள் மூக்கை வேறு யாருடைய மூக்காகவோ மாற்றிவிட்டது. இதில் யார் மேல் கோபப்படுவது? மருந்து மேலா? செடி மேலா? குன்றில் கல்லுக்கு நடுவே அதுபாட்டுக்கு இருந்ததைக் கொண்டுவந்து ஒரு நோயாளியின் மூக்குக்குக் கீழே வைத்தது யார்?

சரி. ஏன் என்னிடம் சொல்லவில்லை?

தெரியும். இதையும் எடுத்துவிட்டால் எனக்குச் செய்ய ஒன்றும் இருக்காதே என்று நினைத்திருப்பாள். நோய் அவளுக்கு. அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

என் கை. எழுதவே கூசுகிறது. ஒவ்வொரு தடவையும் தேய்த்துக்கொண்டு போனேனே. அந்தக் கையால்தானே ஊட்டினேன். வாயைத் திறந்தாளே, பேசாமல் திறந்தாளே --

ஏப்ரல் 4

துணி துவைக்கிற சோப்பால் முழங்கை வரை கழுவினேன். நகத்தடியில் இன்னும் இருக்கிறது. நகத்தை வெட்டினேன்.

அம்மாவிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. சொன்னால் அண்ணி மாட்டிக்கொள்வாள். சாயங்காலம் தண்ணீர் தெளிக்கவில்லை. "மறந்துட்டியா?" என்று உள்ளிருந்து கேட்டாள். அந்தக் குரலில் எவ்வளவு நிம்மதி. இவ்வளவு நாளும் அதைக் கேட்டதே இல்லை.

ஏப்ரல் 5

எடுத்துவிட வேண்டும். ஆனால் எப்படி? இலையைத் தொட்டாலே மணக்கிறது. கிளையை வெட்டினால், வேரைக் கிளறினால் இத்தனை நாள் அடித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். அவள் வீட்டில் இருக்கும்போது தொடவே முடியாது. மூன்றாம் மருந்துக்குப் போகிற அன்றுதான்.

நர்சரிக்காரருக்கு ஃபோன் செய்தேன். இந்த வெயிலில் பிடுங்கி வேறு இடத்தில் வைத்தால் பிழைக்குமா என்று கேட்டேன். அவர் எதற்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "எல்லாம் பிழைச்சிடும் மேடம், கவலையை விடுங்க." போன வருடம் அவர் இதையே சொல்லிக் கொடுத்த ஒரு குருந்துக் கன்று ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இருந்தாலும் கேட்க இதமாக இருந்தது.

ஏப்ரல் 7

அண்ணன் அம்மாவை அழைத்துக்கொண்டு போனான். கார் திருப்பத்தில் மறைந்ததும் ஆரம்பித்தோம். நர்சரிக்காரர், நான், அண்ணி.

முதலில் உயரத்தைப் பாதியாகக் குறைத்தோம். வேர் அறுந்த செடியால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. பிறகு சுற்றிக் குழி பறித்து, மண்கட்டி உடையாமல் சாக்கில் சுற்றித் தூக்குவது. நொச்சி சுலபம். விராலி ஆணிவேரை ஆழமாக விட்டிருந்தது. எவ்வளவு பறித்தாலும் அடி தெரியவில்லை. கடைசியில் வெட்டத்தான் வேண்டியிருந்தது. அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. குருந்து மூன்று பேர் கையையும் கிழித்தது.

வாசனை தெரு முழுக்கப் பரவியது. பட்டறைக்காரர் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வந்து வரிசையாகத் தும்மினார். "இதுக்கு என் தின்னரே தேவலாமேம்மா. இதுக்கா என்கிட்ட சண்டைக்கு வந்தே?" என்றார். அண்ணிதான் அவரைத் தனியே அழைத்துப் போய் ஏதோ சொன்னாள். திரும்பி வந்தவர் கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

எல்லாவற்றையும் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கச் சுவரோரம் நட்டோம். வெட்டிய கிளைகளைச் சாக்கில் கட்டி நர்சரிக்காரர் வண்டியில் ஏற்றியாயிற்று. நானும் அண்ணியும் ஜன்னல் கம்பியை, கதவை, சுவரைச் சோப்பு போட்டுக் கழுவினோம். வாசனை போய்விட்டதா என்று எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை, மூக்கு மரத்துவிட்டிருந்தது. தெருவில் போன ஒரு தபால்காரரை நிறுத்தி, ஏதாவது வாசனை வருகிறதா என்று கேட்டோம். பயந்துபோய், சோப்பு வாசனை வருது என்றார்.

அம்மா காரிலிருந்து இறங்கி நின்று பார்த்தாள். சுவர் மொட்டையாக இருந்தது. கீழே கிளறிய மண்.

"வெளிச்சம் நிறைய வருதே" என்றாள்.

பிறகு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. செடிக்கு அந்த இடம் சரியில்ல. வேர் சுவருக்குள்ள போகுது."

"உங்கண்ணிகிட்ட ஒரு ரகசியம் சொல்ல முடியல."

"அவங்க சொல்லலம்மா."

"சரி, சொல்லல" என்றாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள்.

ஏப்ரல் 12

பின்பக்கச் செடிகள் எல்லாம் பச்சையாகவே இருக்கின்றன. நர்சரிக்காரர் பார்த்துவிட்டு, நான்தான் சொன்னேனே என்றார்.

அம்மா முகத்தில் கொஞ்சம் தெளிவு. மருந்தால் வரும் வாந்தி இருக்கிறது. ஆனால் அதற்கு நேரம் இருக்கிறது, முன்கூட்டித் தெரிகிறது. நடுவில் தூங்குகிறாள்.

ஏப்ரல் 16

ஒரு விராலியின் தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பழுப்பு. இன்னும் கீழே சுரண்டினேன். பழுப்பு, வறட்டுப் பழுப்பு. அடுத்ததும் அப்படியே. குருந்தும்.

இலை மட்டும் அப்படியே பச்சை. தடிமனான, எண்ணெய் ஏறிய இலை. செய்தி இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. கசக்கினால் வாசனைகூட வருகிறது. நான் இத்தனை நாளும் செத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பச்சையாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். கண்ணுக்குச் செத்தது போல் நிற்கக் கூடாது என்றுதானே தேர்ந்தெடுத்தேன். நிற்கவில்லை.

உயிர் இருப்பது நொச்சி எல்லாம், ஒரே ஒரு விராலி.

ஏப்ரல் 22

மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து கேட்கவில்லை. டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. எதிர்பார்த்த அளவு இல்லை என்றார். வேறு ஒன்று போட்டுப் பார்க்கலாம், கொஞ்சம் கடுமையாக இருக்கும், ஆனால் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம் என்றார்.

அண்ணன், ஆரம்பிச்சிடலாம் டாக்டர் என்றான்.

அம்மா, "போதும்" என்றாள்.

அவன் அவளைப் பார்க்காமல் டாக்டரையே பார்த்து, எப்போ ஆரம்பிக்கலாம் என்று கேட்டான். அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பஸ் வரக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பேனாவை மூடினார்.

காரில் திரும்பினோம். அண்ணன் சிக்னலில் பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன்.

ஏப்ரல் 25

அண்ணன் அம்மாவிடம் பேசுவதில்லை. அவள் அறை வாசலில் வந்து நிற்கிறான், போய்விடுகிறான். இன்று மாடிப்படியில் என்னைப் பிடித்தான். நீ சொன்னால் கேட்பாள் என்றான். நீ அழுதால் கேட்பாள். எப்படியாவது ஒத்துக்கொள்ளவை. கண் சிவந்திருந்தது. என்னைவிடப் பத்து வயது பெரியவன். அந்த நேரத்தில் அப்படித் தெரியவில்லை.

எனக்கும் அதேதான் வேண்டும். அவனைவிட அதிகமாக. மாதங்கள். எப்படிப்பட்ட மாதங்களாக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற ஒன்று எனக்குள்ளேயும் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் இருக்கிறது.

ஏப்ரல் 26

போனேன். அழுவதற்கென்றே போனேன். வரவில்லை.

இன்னொரு மருந்து போட்டுப் பார்க்கலாம்மா என்றேன். அவள் சட்டையொன்றுக்குக் கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை மிதிக்க முடிவதில்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டு, என் கையைக் கேட்டாள். கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனாள். நான் இழுத்துக்கொண்டேன். விடவில்லை.

"இப்போ சோப்பு மட்டும்தான் வருது. அதுவும் இரும்பு மாதிரி வருது. தண்ணி இரும்பு. சாப்பாடு இரும்பு. உங்கண்ணன் பக்கத்துல வந்தா இரும்பு."

"மருந்தை மாத்தினா சரியாகலாம்."

"மருந்து நின்னா சரியாகும்னு அந்த நர்ஸ் சொன்னா. எனக்கு சோப்பு சோப்பா மணக்கணும்டி. சாப்பாடு சாப்பாடா மணக்கணும். நீ நீயா மணக்கணும். அதுக்கப்புறம் எவ்வளவு நாள்ங்கிறதை நான் கேக்கவே இல்ல. நீயும் கேக்காதே."

பிறகு அடுத்த பட்டனை எடுத்தாள்.

அண்ணன் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து மேலே போய்விட்டான்.

மே 3

எதுவும் எழுத வரவில்லை.

மே 14

அம்மா அறையிலிருந்து கத்தினாள். மூன்று பேரும் ஓடினோம். மாடியிலிருந்து அண்ணன், மேஜையிலிருந்து நான், கையில் கரண்டியோடு அண்ணி. விழுந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "வெங்காயம் தீயுது. அடுப்பைப் பார்க்காம என்ன பண்றே?"

அண்ணி திரும்பி ஓடினாள். தீய்ந்துதான் இருந்தது. சமையலறையிலேயே நின்றவளுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டான். ஏப்ரலிலிருந்து முதல் தடவையாக அவளைத் தொடுகிறான். அவள் அவன் தலையை முகர்ந்து, குளிச்சியா இல்லையா என்றாள்.

மதியம் நாங்கள் நால்வரும் அவள் அறையிலேயே சாப்பிட்டோம். தீய்ந்த பாகத்தை ஒதுக்கிவிட்டு. அவள் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். வீடு முழுக்க ஒரு மாதிரி கொண்டாட்டம். பாத்திரம் கழுவும்போது அண்ணி முணுமுணுப்பாகப் பாடக்கூட ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள். நான் பக்கத்தில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். மருந்து உடம்பை விட்டுப் போய்விட்டது. நோயைக் கொஞ்சமாவது தடுத்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

மே 25

கண் மஞ்சள்.

ஜூன் 1

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். அண்ணன் அவரைக் கார் வரை கொண்டுபோய் விட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டாக்டர் ஏதோ சொன்னார். அவன் தலையாட்டினான். கார் போன பிறகும் தலையாட்டிக்கொண்டே நின்றான். உள்ளே வந்து என்னிடமும் அண்ணியிடமும் சொன்னான்.

ஜூன் 4

காலையில் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். "அதையெல்லாம் எங்கேடி வச்சே?" என்று கேட்டாள்.

எதை என்று கேட்க நினைத்தேன். தெரிந்தே எதற்குக் கேட்பது. பின்பக்கச் சுவரோரம் என்றேன்.

"இருக்கா?"

"கொஞ்சம் போயிடுச்சு. நொச்சி இருக்கு. ஒரு விராலி இருக்கு."

"முன்னாடி இருந்தப்போ நல்லா இருந்துச்சு. போன வருஷம்." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். "இப்போ வந்தா எனக்கு ஒண்ணும் பண்ணாதுடி. நேத்து உங்கண்ணியை ஒரு இலை கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். நல்லா இருந்துச்சு. நிஜமாவே."

மறுபடியும் அண்ணியிடம் சொல்லி வைத்த ரகசியம். இந்த முறை அவள் காப்பாற்றிவிட்டாள்.

அண்ணன், நாற்காலியில் வைத்துப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான். என்னை ஊர்வலம் கொண்டுபோகாதே என்றுவிட்டாள்.

நர்சரிக்காரருக்கு ஃபோன் செய்தேன். நொச்சியையும் அந்த விராலியையும் மறுபடி முன்பக்கம் மாற்ற வேண்டும் என்றேன். வேண்டாம் மேடம் என்றார். இப்போதுதான் புதுவேர் விட்டிருக்கும், மறுபடி அறுத்தால் நொச்சி ஒருவேளை தாங்கும், விராலி நிச்சயம் போய்விடும், மழை பிடித்தபின் பார்க்கலாமே. இவரும் ஒரு தடவையாவது பிழைக்காது என்று சொல்லிவிட்டார்.

"போனாலும், இலை எவ்வளவு நாள் பச்சையா நிக்கும்?"

"அது நிக்கும். ரெண்டு வாரம், மூணு வாரம்கூட நிக்கும். செத்ததே தெரியாது. ஏன் கேக்கறீங்க?"

டாக்டர் அண்ணனிடம் சொன்ன நாள் கணக்கு அதைவிடக் குறைவு.

பரவாயில்லை என்று சொல்லி ஃபோனை வைத்தேன். மண்வெட்டியையும் ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், விராலியைச் சுற்றிப் பறிக்க ஆரம்பித்தேன்.